ஒரு மாத்திரையில் மூன்று சுற்று

தமிழ் இலக்கண வகுப்பில் மாத்திரை என்னும் கால அளவைப் பற்றிப் படித்திருப்பீர்கள். இயல்பாகக் கண் இமைக்கும் நேரம், அல்லது கை நொடிக்கும் நேரம், ஒரு மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. கடிகாரம் இல்லாத காலத்தில் நம் முன்னோர் வகுத்த அளவு அது. அந்த அளவை இன்று உங்கள் தோட்டத்து டிராக்டரின் பின்புறத்துக்குக் கொண்டு சென்று பார்க்கலாம் என்று எண்ணுகிறேன். இயற்பியல் ஆசிரியனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

அந்தியூருக்கு அருகில் உள்ள ஒரு சிற்றூர்தான் எனக்குச் சொந்த ஊர். நான் கல்லூரியில் இளநிலை இயற்பியல் படித்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு நாள் மாலை, எங்கள் களத்தில் மக்காச்சோளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். வாடகை டிராக்டர், அதன் பின்னால் கதிரடிக்கும் எந்திரம். இரண்டையும் இணைத்துச் சுழலும் தண்டின் மேல் மூடி இல்லை. என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, சிந்திய கதிர்களைக் கூடையில் அள்ளிக்கொண்டு அந்தத் தண்டைத் தாண்டினார். தோளில் கிடந்த துண்டின் நுனி தண்டைத் தொட்டது. டிரைவர் எஞ்சினை நிறுத்தியபோது அண்ணனின் இடது கை முழங்கைக்கு மேலே நசுங்கியிருந்தது. மறுநாள் ஈரோட்டில் அதை எடுத்துவிட்டார்கள்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: "பையன் கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாமுங்க." அண்ணனும் கண்ணீரோடு அதையே சொன்னார்: "கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஆயிப்போச்சு தம்பி. நாந்தான் பாக்காம உட்டுட்டேன்."

கண்ணை மூடித் திறக்கும் நேரம்! அதாவது ஒரு மாத்திரை. அன்று இரவு, கையிலிருந்த பாடக் குறிப்பேட்டின் பின்பக்கத்தில் ஒரு சிறு கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கை உங்கள் முன் வைக்கிறேன். அதைச் செய்து முடித்தபின், "கவனம்" என்ற சொல்லை நாம் எவ்வளவு தவறாகப் பயன்படுத்துகிறோம் என்பது உங்களுக்கே விளங்கும்.

தண்டின் கணக்கு

டிராக்டரின் பின்புறத்தில், எஞ்சினின் ஆற்றலை வெளியே எடுத்துத் தரும் ஒரு முனை இருக்கிறது. ஊரில் இதைப் பி.டி.ஓ. என்பார்கள். ரோட்டவேட்டர், கதிரடிக்கும் எந்திரம், தென்னைக்கும் வாழைக்கும் குழி தோண்டும் கருவி, மட்டை தூளாக்கும் எந்திரம் முதலிய யாவும் இந்த முனையில் மாட்டிய தண்டின் மூலமாகத்தான் இயங்குகின்றன. இம்முனையின் வேகத்துக்கு உலகெங்கும் பொதுவாக ஒப்புக்கொண்ட அளவு நிமிடத்துக்கு 540 சுற்று. (1000 சுற்று உள்ள டிராக்டர்களும் உண்டு.)

540-ஐ 60-ஆல் வகுத்தால் விநாடிக்கு 9 சுற்று. கண் இமைக்கும் நேரத்தை விநாடியில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். ஆகவே ஒரு மாத்திரையில் தண்டு மூன்று முறை சுற்றிவிடுகிறது.

தண்டின் குறுக்களவு சுமார் 7 செ.மீ. என்று கொண்டால் அதன் சுற்றளவு 22 செ.மீ. மூன்று சுற்றுக்கு 66 செ.மீ. துணி தண்டில் ஏறிவிடும். ஒரு விநாடியில் 198 செ.மீ., ஏறக்குறைய 2 மீட்டர். இதுவும் குறைவான கணக்கே. துணி சுற்றச் சுற்றத் தண்டு தடிக்கிறது. தடிக்கத் தடிக்க ஒரு சுற்றில் ஏறும் துணியின் நீளமும் கூடுகிறது. தோளில் போடும் துண்டு எவ்வளவு நீளம் என்று வீட்டில் அளந்து பாருங்கள். அது முழுவதும் ஏறி முடிய ஒரு விநாடி வேண்டியதில்லை.

இனி நம் பக்கத்துக் கணக்கு. 30 செ.மீ. அளவுகோல் ஒன்றை நண்பரிடம் கொடுத்துச் செங்குத்தாகத் தொங்கவிடச் சொல்லுங்கள். சுழியம் உள்ள கீழ்முனைக்கு நேராக உங்கள் பெருவிரலையும் சுட்டுவிரலையும் தொடாமல் விரித்து வைத்துக்கொள்ளுங்கள். நண்பர் சொல்லாமல் அளவுகோலை விட்டுவிட வேண்டும். நீங்கள் பிடிக்க வேண்டும். பெரும்பாலோர் 20 செ.மீ. அளவில் பிடிப்பார்கள். விழும் பொருளின் தூரத்துக்கான சூத்திரம் உங்களுக்குத் தெரியும். 20 செ.மீ. விழ ஏறத்தாழ 0.2 விநாடி ஆகிறது. கண் கண்டு, மூளை உணர்ந்து, விரல் அசைய ஆகும் நேரம் அதுவே.

ஆனால் நினைவில் வையுங்கள்: அளவுகோல் விழப்போகிறது என்று தெரிந்தே, அதையே பார்த்துக்கொண்டு, விரலை அருகில் வைத்துக் காத்திருந்தபோதுதான் இந்த 0.2 விநாடி. களத்தில் வேலை செய்பவர் அப்படியா நிற்கிறார்? துணி இழுபடுவதை அவர் முதலில் உணர வேண்டும், என்ன நடக்கிறது என்று புரிய வேண்டும், கூச்சலிட வேண்டும். எஞ்சின் இரைச்சலில் அது டிரைவர் காதில் விழ வேண்டும். அவர் திரும்பிப் பார்த்து, கிளட்சை மிதித்து, எஞ்சினை நிறுத்த வேண்டும். எல்லாம் மிக விரைவாக நடந்தாலும் இரண்டு மூன்று விநாடி ஆகிவிடும். தண்டு தன் வேலையை முடித்தது முதல் விநாடியில்!

"உடனே பிடித்து இழுத்துக்கொள்ளலாமே" என்று சிலர் கூறுவதுண்டு. அதையும் பார்ப்போம். பி.டி.ஓ. முனையில் 35 குதிரைத்திறன் கிடைக்கிறது என்று கொள்வோம். ஒரு குதிரைத்திறன் 746 வாட். ஆகவே 26,110 வாட். திறனை வேகத்தால் வகுத்தால் விசை கிடைக்கும். வேகம் விநாடிக்கு 1.98 மீட்டர். விசை ஏறக்குறைய 13,000 நியூட்டன். அதாவது 1,300 கிலோகிராம் நிறையைத் தூக்கப் போதுமான விசையோடு அந்தத் தண்டு துணியை இழுக்க வல்லது. நல்ல உடற்கட்டுள்ள மனிதர் பிடித்து இழுக்கும் விசை அதன் முன்னால் எம்மாத்திரம்?

எனவே, என் அண்ணன் கவனக்குறைவாக இருந்தார் என்று சொல்வது அறிவியலுக்குப் பொருந்தாது. துணி தண்டைத் தொட்ட அந்தக் கணத்துக்குப் பின், உலகிலேயே மிகக் கவனமான மனிதராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. செய்திருக்க வேண்டியவை எல்லாம் அதற்கு முன் செய்திருக்க வேண்டியவை. நான் இக்கட்டுரையில் சொல்ல விரும்பும் கருத்து இதுதான்: டிராக்டர் கருவிகளிடம் நம்மைக் காப்பது கவனம் அன்று, முன்னேற்பாடு.

மாடும் டிராக்டரும்

ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவுக்கு நீங்கள் போயிருக்கலாம். புதுப்பாளையத்தில் கூடும் அந்தக் குதிரைச் சந்தையில் ஒரு சிறுவன்கூடக் குதிரையின் பின்னங்காலுக்கு நேராக நிற்பதில்லை. யாரும் அவனுக்கு வகுப்பு எடுக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கண்டு வந்த அறிவு அது. குதிரையோ மாடோ மிரளும் முன் காதை அசைக்கும், உடம்பைச் சிலிர்க்கும். ஏரில் கட்டிய மாடு, கொழு பாறையில் மாட்டினால் தானே நின்றுவிடும்.

டிராக்டருக்கு இந்த இயல்பு இல்லை. கலப்பை பாறையில் மாட்டிக்கொண்டாலும் எஞ்சின் திருப்பிக்கொண்டேதான் இருக்கும். பின்சக்கரம் சேற்றில் புதைந்து சுழல முடியாமல் போனால், அந்தத் திருப்புத்திறன் எங்கே போகும்? சக்கரம் சுழலாவிட்டால், அச்சை மையமாகக் கொண்டு டிராக்டரின் உடலே மேலெழும். முன்சக்கரங்கள் தரையைவிட்டுக் கிளம்பும். டிராக்டரின் ஈர்ப்பு மையம் பின்னச்சைத் தாண்டிப் பின்னே போய்விட்டால் பிறகு அதைத் தடுக்க இயலாது. இந்த மீளாத நிலையை அடைய ஏறக்குறைய முக்கால் விநாடி போதும் என்று பாதுகாப்புப் பயிற்சியில் கற்பிக்கிறார்கள். நம் அளவில் சொன்னால் இரண்டே கால் மாத்திரை. "ஆ" என்று அலறி முடிக்கும் நேரம்.

இந்த ஆபத்து டிராக்டர் தோன்றிய காலத்திலிருந்தே உண்டு. முதல் உலகப் போரின்போது அயர்லாந்தில் டிராக்டர் உழவை மேற்பார்த்த ஹாரி பெர்குசன் என்னும் பொறியாளர் இதைக் கண்டார். அக்காலத்தில் கலப்பையை வண்டிபோல் பின்னால் கட்டி இழுத்தார்கள்; கலப்பை கல்லில் மாட்டினால் டிராக்டர் பின்புறமாகக் கவிழ்ந்து ஓட்டுநரை நசுக்கியது. ஓட்டுநர்களிடம் "பார்த்து ஓட்டுங்கள்" என்று சொல்வதோடு பெர்குசன் நின்றுவிடவில்லை. கலப்பையை டிராக்டரோடு பிணைக்கும் முறையையே மாற்றினார். கீழே இரண்டு கைகள், மேலே ஒரு கம்பி. கலப்பை தடைபட்டால் மேல்கம்பி டிராக்டரை முன்னோக்கித் தள்ளும். முன்சக்கரங்கள் தரையோடு அழுந்தும். 1926-இல் அவர் பெற்ற காப்புரிமையின் வழிவந்ததே இன்று உங்கள் ஊர் டிராக்டரின் பின்னால் காணும் மூன்று புள்ளி இணைப்பு. அவர் பெயரைத் தாங்கிய மாஸ்ஸி பெர்குசன் டிராக்டர்களை, 1960-இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் நம் நாட்டில் தயாரித்துப் பரப்பியது.

பெர்குசன் அமைத்த இந்த ஏற்பாட்டை நாமே கெடுத்துக்கொள்வதும் உண்டு. மரத்தின் வேரையோ, சேற்றில் மாட்டிய வண்டியையோ இழுப்பதற்கு மேல்கம்பி பொருத்தும் இடத்தில் சங்கிலி கட்டுகிறார்கள். இழுவிசை பின்னச்சுக்கு மேலே அமைந்தால் அது டிராக்டரைப் பின்னோக்கிக் கவிழ்க்கும் திருப்புத்திறனாகிவிடும். சங்கிலி கட்ட வேண்டிய இடம் அச்சுக்குக் கீழே உள்ள இழுகொக்கி மட்டுமே.

சுவீடன் நாட்டில் 1959 முதல், புதிதாக விற்கும் ஒவ்வொரு டிராக்டரிலும் கவிழ்ந்தாலும் ஓட்டுநரை நசுக்காத உறுதியான இரும்புச் சட்டம் இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். அடுத்த முப்பது ஆண்டுகளில் அந்நாட்டில் டிராக்டர் கவிழ்ந்து இறப்போர் தொகை மிகப் பெருமளவு குறைந்தது. சுவீடன் உழவர்கள் திடீரென்று கவனசாலிகளாக மாறிவிட்டார்களா? இல்லை. தவறு செய்தாலும் உயிர் போகாத ஏற்பாடு வந்தது, அவ்வளவே.

நம் நாட்டு அனுபவமும் இதையே காட்டுகிறது. கதிரடிக்கும் எந்திரங்களில் கை இழந்தோர் பெருகியதன் விளைவாக 1983-இல் அபாயகரமான எந்திரங்கள் (ஒழுங்குமுறை) சட்டம் இயற்றப்பட்டது. கதிரைத் தள்ளும் வாய்க்கு மேல் மூடி போட்டு, உருளை கைக்கு எட்டாத தொலைவில் இருக்கும்படி அமைத்தால் கை தப்பும் என்பதே இதில் பொறியாளர்கள் கண்ட வழி. அதற்கும் முன்பே, 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், ஆலைகளில் ஆபத்தான சுழலும் பாகங்களைச் சுற்றி உறுதியான தடுப்பு வேண்டும் என்று கட்டளையிட்டது. கோயம்புத்தூர் நூற்பாலையில் ஒரு தண்டு மூடியின்றிச் சுழன்றால் அது குற்றம். அந்தியூர்க் களத்தில் அதே போன்ற தண்டு மூடியின்றிச் சுழன்றால் அது வழக்கம். தண்டுக்கு இந்த வேறுபாடு தெரியுமா?

மூடி ஏன் காணாமற்போகிறது?

புதுக் கருவியோடு வரும் தண்டின் மேல் நெகிழிக் குழாயாலான மூடி இருக்கும். இதில் ஓர் அழகிய இயற்பியல் உண்டு. மூடி தண்டோடு இறுகப் பிணைக்கப்படவில்லை. தாங்கிகளின் மேல் தனியே அமர்ந்திருக்கிறது. அது சுழலாதபடி ஒரு சிறு சங்கிலி கட்டப்பட்டிருக்கும். துணியோ கையோ பட்டாலும் மூடி அசையாமல் நிற்கும். உள்ளே தண்டு மட்டும் சுழலும்.

இவ்வளவு நல்ல பொருளை ஏன் கழற்றி எறிகிறார்கள்? உழவரையும் டிரைவரையும் குறை கூறுவது எளிது. ஆனால் அது நேர்மையாகாது. தண்டின் மூட்டுகளுக்கு அடிக்கடி கிரீஸ் அடிக்க வேண்டும். மூடி கைக்கு இடைஞ்சல். வெயிலில் நெகிழி வெடித்துவிடும். மாற்று மூடி வாங்கக் கடைக்கு அலைய வேண்டும். வாடகையோ மணிக் கணக்கு. மழை கறுத்து நிற்கும்போது களத்துக்காரர் அவசரப்படுத்துவார். இன்னொன்றும் உண்டு. பேட்டரி பழுதாகிச் செல்ஃப் எடுக்காத டிராக்டரை, ஒருமுறை கிளப்பிவிட்டால் மாலை வரை நிறுத்தமாட்டார்கள். ரோட்டவேட்டரில் வாழை நாரும் சோளத் தட்டும் சுற்றிக்கொள்ளும்போது, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கவே கையை உள்ளே விடுகிறார்கள். பேட்டரியின் பழுது இப்படித்தான் கையின் இழப்பாக முடிகிறது.

"நாங்க பாத்துப் பழகுனதுதானுங்க சார், ஒண்ணும் ஆகாது" என்று டிரைவர்கள் என்னிடம் கூறியிருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆயிரம் முறை ஒன்றும் ஆகவில்லை என்பது உண்மையே. ஆனால் பழக்கம் மனிதனின் வேகத்தைக் கூட்டுவதில்லை. இருபது ஆண்டு அனுபவம் உள்ளவரும் அளவுகோலை ஏறத்தாழ அதே 20 செ.மீ.-இல்தான் பிடிப்பார்.

ஆகவே எனக்குத் தோன்றும் யோசனைகள் இரண்டு. ஒன்று, டிராக்டர் கருவிகளை வாடகைக்கு விடுவோர் யாராயினும், தனியாராயினும் அரசின் வேளாண்மைப் பொறியியல் துறையாயினும், தண்டுமூடி இல்லாத கருவியைக் களத்துக்கு அனுப்பலாகாது. மூடி இருந்ததா என்பது வாடகை ரசீதில் ஒரு வரியாக இடம்பெற வேண்டும். இரண்டு, அடைப்பு எடுக்கவும் கிரீஸ் அடிக்கவும் எஞ்சினை நிறுத்தும் நேரத்தை வாடகைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. நிறுத்தினால் நட்டம் என்ற நிலை இருக்கும்வரை யாரும் நிறுத்தப்போவதில்லை.

நீங்கள் செய்யக்கூடியவை

உங்களுக்கு இன்னும் டிராக்டர் ஓட்டும் வயது வரவில்லை. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் பொது இடத்தில் டிராக்டர் ஓட்டப் பதினெட்டு வயது நிரம்ப வேண்டும் என்கிறது. "தோட்டம் பொது இடம் அல்லவே" என்று வாதிக்காதீர்கள். ஈர்ப்பு விசை தார்ச்சாலைக்கும் தோட்டத்துக்கும் வேறு வேறு அல்ல.

ஓட்டாவிட்டாலும் களத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். டிராக்டரில் இருக்கை ஒன்று, ஆளும் ஒருவரே. மட்கார்டின் மேல் உட்காருவதும், எடைக்காகக் கலப்பையின் மேல் நிற்பதும் வேண்டாம். ஒரு குலுக்கலில் விழுந்தால் பின்சக்கரமோ கொழுவோ வந்து சேரும் நேரத்தையும் மாத்திரையில்தான் எண்ண வேண்டும்.

தண்டு சுழலும்போது அதைத் தாண்டக் கூடாது; சுற்றிப் போக வேண்டும். துண்டு, தாவணி, துப்பட்டா, தொங்கும் சடை ஆகியவற்றோடு அதன் அருகில் செல்லக் கூடாது.

தூக்கி நிற்கும் கருவியின் கீழ்க் கையோ காலோ நுழையக் கூடாது. அதைத் தாங்குவது ஹைட்ராலிக் எண்ணெயின் அழுத்தம் மட்டுமே. 400 கிலோ எடையுள்ள ரோட்டவேட்டர் 60 செ.மீ. உயரத்திலிருந்து விழுந்தால் வெளிப்படும் ஆற்றல், 50 கிலோ மூட்டை ஒன்று 4.8 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். நிறுத்தும்போது கருவியைத் தரையில் இறக்கி வைப்பதே முறை.

அடைப்பு எடுக்கும்போது ஒரு வரிசை உண்டு. பி.டி.ஓ.வைத் துண்டிக்க வேண்டும். கருவியை இறக்க வேண்டும். எஞ்சினை நிறுத்த வேண்டும். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். கத்திகள் முற்றிலும் ஓயும்வரை காத்திருக்க வேண்டும். துண்டித்த பிறகும் நிலைமத்தால் அவை சிறிது நேரம் சுழலும். சாவி பையில் இருந்தால், பின்னால் ஒருவர் குனிந்திருப்பது தெரியாமல் இன்னொருவர் எஞ்சினைக் கிளப்ப முடியாது. இவற்றுள் எதற்கும் வேகமான கண்ணோ கையோ தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். எல்லாமே முன்கூட்டிச் செய்பவை.

என் அண்ணன் இன்றும் விவசாயம் செய்கிறார். ஒரு கையால் மஞ்சளுக்கு நீர் பாய்ச்சுகிறார். பல ஆண்டுகள் கழித்து, ஒரு நாள் திண்ணையில் அமர்ந்து அந்தப் பழைய கணக்கை அவருக்கு விளக்கினேன். அளவுகோலையும் விட்டுக் காட்டினேன். அவர் வலது கையால் பதினெட்டு செ.மீ.-இல் பிடித்தார். என்னைவிட விரைவு! சற்று நேரம் அளவுகோலையே பார்த்துக்கொண்டிருந்தவர், "அப்ப எம்மேல தப்பு இல்லீங்களா தம்பி?" என்று கேட்டார். இத்தனை ஆண்டுகள் கையை இழந்த துன்பத்தோடு பழியையும் அவர் சுமந்திருக்கிறார் என்று அப்போதுதான் உணர்ந்தேன்.

மாணவ நண்பர்களே! அடுத்த முறை உங்கள் களத்துக்கோ காட்டுக்கோ டிராக்டர் வரும்போது, எஞ்சின் ஓடுவதற்கு முன் பின்பக்கம் சென்று பாருங்கள். தண்டின் மேல் மூடி இல்லையென்றால், டிரைவரிடம் மரியாதையாக, "அண்ணா, மூடி எங்கீங்கண்ணா?" என்று கேளுங்கள். ஏன் கேட்கிறாய் என்றால் அளவுகோலைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். பிறகு 540-ஐ 60-ஆல் வகுத்துக் காட்டுங்கள்.